இருபத்தொன்றாம் பாத்தி

புதுவயல் அரிசி ஆலையில்
முதல் சங்கு ஊதும்போது
தக்காளிச் செடிக்குக் கீழே
கழுத்தை மடக்கிக் கிடப்பேன்.
வெயில் ஏறினால் வெள்ளை ஈ பறந்துவிடும்.
பனி காய்வதற்குள் இலையைத் திருப்ப வேண்டும்,
தூங்குகிற பிள்ளையைப் புரட்டிப் போடுவதுபோல.

செடிக்கு மூன்று இலை: மேல், நடு, கீழ்.
பாத்திக்கு ஐந்து செடி. இருபத்தொரு பாத்தி.
ஏழு சிகிச்சை, மூன்று மூன்று முறை,
சீட்டுக் குலுக்கி இடம் பிடித்தவை.

ஏழாவது சிகிச்சை, ஒன்றுமில்லை.
அதே தெளிப்பான், அதே முகமூடி,
உள்ளே வெறும் தண்ணீர்.
புழு தின்னட்டும் என்று விட்ட பாத்தி.
அது வயிறாரத் தின்றால்தான்
மற்ற பாத்திகளில் எவ்வளவு தின்னவில்லை என்று
கணக்குச் சொல்ல முடியும்.

நிலத்துக்காரர் சேவுகன்
நஷ்டஈட்டுத் தாளில் கையெழுத்துப் போட்ட பிறகும் கேட்டார்:
"தண்ணிய எதுக்கும்மா
மருந்து மாதிரி அடிக்கிறீக?"

சிவப்பு முக்கோணப் புட்டியை
வழிகாட்டி முதலிலேயே நீக்கிவிட்டார்.
மஞ்சள், நீலம், பச்சை மிச்சம்.
நீலத்தில் புழு செத்தது,
கூடவே பொறிவண்டும் செத்தது.
அதற்கும் தாளில் ஒரு கட்டம் உண்டு.
ஒரு சிலந்தி மட்டும்
எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே வலை கட்டி
எந்தச் சிகிச்சையில் சேர்ப்பது என்று
என்னைத் திணறடித்தது.

பதினாலாம் நாள்
எண் ஒத்துவரவில்லை.
ஐந்தாம் பாத்தி, தண்ணீர்:
நூறு காயில் முப்பத்தெட்டு ஓட்டை.
பன்னிரண்டாம் பாத்தி, தண்ணீர்: நாற்பத்தொன்று.
இருபத்தொன்றாம் பாத்தி, தண்ணீர்:
ஆறு.

இருப்பதில் விலை கூடின மருந்துக்கே ஒன்பது.

அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது,
தெளிப்பானை எத்தனை முறை அலசினேன்,
பழைய பக்கங்களைப் புரட்டினேன்.
என் கையெழுத்து சத்தியம் செய்தது.

போர்த் தொட்டியில் ராக்கு
காலில் ஒட்டின செம்மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
என்னை டீச்சர் என்பாள்,
திருத்தித் திருத்தி நானும் விட்டுவிட்டேன்.
"அது பாதை ஓரத்துப் பாத்தி, டீச்சர்.
போகையில வரையில கண்ணுல படுது.
தலையக் காய்க்குள்ள விட்டுக்கிட்டு நெளியுது.
பாத்துக்கிட்டுச் சும்மா போகச் சொல்றீகளா?"

சாயங்காலம் நான் பஸ் ஏறின பிறகு
ஹார்லிக்ஸ் பாட்டிலில் பொறுக்கிப் போட்டிருக்கிறாள்.
கூலி நேரம் முடிந்து, வெறுங்கையால்.

எத்தனை நாளா?
"மொத மருந்து அடிச்சதுலருந்து."
எத்தனை புழு இருக்கும்?
"அது எங்க கோழிக்கில்ல தெரியும்."

கத்தியிருக்க வேண்டும்.
மூன்றில் ஒன்று போனால் புள்ளியியல் நொண்டும்,
மாசிக்குள் அட்டவணை கேட்டிருக்கிறார்கள்.
ஆனால் கானாடுகாத்தான் கல்யாண வீட்டுக்கு
ஐந்து பெட்டி வேண்டும் என்று ஆள் வந்தபோது,
காத்திருப்பு நாள் முடியாத பழங்களை
நாங்கள் குழியில் கொட்டிக்கொண்டிருந்தபோது,
சேவுகன் இருபத்தொன்றைத்தான் கை காட்டினார்.
நானும் பேசாமல் இருந்தேன்.

இரவு, காரைக்குடி விடுதி அறையில்
அந்த வரிசைக்கு நேரே
'விலக்கப்பட்டது' என்று எழுதினேன்.
காரணம் எழுதுகிற கட்டம் சின்னது.
மருந்தின் பெயர், லிட்டருக்கு எத்தனை மில்லி,
அவ்வளவுதான் எனக்கு எழுதிப் பழக்கம்.
ராக்கு என்று எழுதி அடித்தேன்.
கை என்று எழுதினேன்.
அளவு என்ற இடத்தில் மின்சாரம் போய்விட்டது.

காலையில்
இருபத்தொன்றாம் பாத்திக் குச்சியின் காலடியில்
அந்தப் பாட்டில், மூடியில் ஆணி குத்தின ஓட்டைகளோடு.
கோழிக்குப் போடாமல்
எனக்கென்று வைத்திருக்கிறாள்.

சாய்த்து, வெளிச்சத்தில் பிடித்து எண்ணினேன்.
பதினேழு.
ஒன்று மட்டும் எதையும் சட்டை செய்யாமல்
அவள் உள்ளே போட்டிருந்த காயை
இன்னும் தின்றுகொண்டிருந்தது.